தையல் ஆறிடுச்சு... இனி குழந்தை எப்படி வளரும்?

பிறந்த 2-ஆம் நாள் ஆபரேஷன். அதன்பிறகு 3 வாரம் ஐ.சி.யூ. கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்த குழந்தை இப்போது கையில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, தையலைக் காட்ட வரவேண்டிய தேதி எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள். வார்டை விட்டுக் கிளம்பும்போது, அத்தனை நாளும் மனசுக்குள்ளேயே வச்சிருந்த ஒரு கேள்வியைப் பெற்றோர் கேட்பார்கள்: "மத்த பிள்ளைங்க மாதிரி இவனும் வருவானா டாக்டர்?"

பெரும்பாலும் கிடைக்கிற பதில், "பார்ப்போம்மா, ஃபாலோ-அப்புக்குத் தவறாம வாங்க" என்பதுதான். கேட்பதற்கு நழுவல் பதில் மாதிரி இருக்கும். ஆனால் அதைவிட நேர்மையான பதில் அந்த நாளில் யாரிடமும் கிடையாது. ஆபரேஷன் ஆன குழந்தையின் வளர்ச்சியை ஓரளவு முன்கூட்டியே கணிக்க முடியும். அந்தக் கணிப்பு ஒரே நாளில் வருவதில்லை. குறிப்பிட்ட சில மாதங்களில் குழந்தையை நேரில் பார்த்தால்தான் வரும். சிக்கல் என்னவென்றால், தையல் ஆறி, எடை ஏற ஆரம்பித்ததும் பல குடும்பங்கள் மருத்துவமனைப் பக்கம் வருவதை நிறுத்திவிடுகின்றன. ஒரு நாள் கூலி போகும், இரண்டு பஸ் மாறணும், "நல்லாத்தானே இருக்கான்" என்ற நிம்மதி வேறு. கணிக்கத் தோதான மாதங்கள் அதற்குள் கடந்துபோயிடும்.

எந்தக் குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறோம்?

உணவுக்குழாய் வயிற்றோடு சேராமல் பாதியிலேயே முடிந்துபோன குழந்தைகள். இது சுமார் 3,000 முதல் 4,000 பிரசவத்தில் ஒன்று. மலத்துளை இல்லாமல் பிறக்கிற குழந்தைகள் சுமார் 5,000-ல் ஒன்று. குடல் அடைப்பு, குடல் வயிற்றுக்கு வெளியே தள்ளியபடி பிறப்பது, உதரவிதானத்தில் உள்ள துளை வழியாகக் குடல் நெஞ்சுக்குள் ஏறிக்கொள்வது ஆகியவையும் உண்டு. இதயக் குறையோடு பிறப்பவர்கள் 1,000 குழந்தைகளில் ஏறக்குறைய 8 பேர்; அதில் எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது, சிலருக்கு முதல் சில வாரங்களிலேயே தேவைப்படும்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. உணவுக்குழாய் இணையாமல் பிறந்தால் குழந்தை பிழைக்காது என்பதுதான் நிலை. 1941-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் கேமரூன் ஹைட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், உணவுக்குழாயின் இரண்டு முனைகளையும் நேரடியாக இணைத்து ஒரு குழந்தையைப் பிழைக்க வைத்தார். இன்று நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் இப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலானோர் பிழைத்துவிடுகிறார்கள். அதனால்தான் "பிழைக்குமா?" என்ற கேள்வி போய், "எப்படி வளரும்?" என்ற கேள்வி வந்திருக்கிறது.

வயிற்றில் ஆபரேஷன், மூளையை ஏன் பார்க்கணும்?

நியாயமான சந்தேகம். கத்தி பட்டது வயிற்றில்தான். ஆனால் பிறந்த முதல் மாதங்கள் மூளை மிக வேகமாக வளரும் காலம். அந்த நேரத்தில் உடம்பில் நடக்கும் எதுவும் மூளையைத் தொடாமல் போகாது. கிருமித் தொற்று, ஆக்ஸிஜன் குறைவு, வாரக்கணக்கில் வாய் வழியாகப் பால் இல்லாமல் இருப்பது, எடை ஏறாதது, வலி, அம்மாவின் மடியில் இல்லாமல் மல்லாக்கவே படுத்திருப்பது என்று எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன.

சில குழந்தைகளுக்கு இது பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கடுமையான இதயக் குறை உள்ள குழந்தைகளின் மூளையை, ஆபரேஷனுக்கு முன்பே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பத்து மாதமும் நிறைந்து பிறந்திருந்தாலும், மூளை ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தையின் மூளை போல முதிராமல் இருந்தது. கருவிலேயே மூளைக்குப் போகும் ரத்தமும் ஆக்ஸிஜனும் குறைந்ததுதான் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆகவே "ஆபரேஷன் பண்ணதாலதான் இப்படி ஆச்சு" என்று தங்களையே நொந்துகொள்ளும் பெற்றோருக்கு ஒன்று சொல்லலாம்: பல சமயம் ஆபரேஷன் காரணமே இல்லை, எந்த நோய்க்காக ஆபரேஷன் நடந்ததோ அந்த நோய்தான் காரணம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பிறந்த சில மாதங்களுக்குள் பெரிய ஆபரேஷன் நடந்த குழந்தைகளை ஒரு குழு தொடர்ந்து கவனித்தது. 1 வயதில் சோதித்தபோது, ஆபரேஷன் ஆகாத குழந்தைகளைவிட இவர்களின் சராசரி மதிப்பெண் குறைவு. இதய ஆபரேஷன் ஆனவர்களிடம் வித்தியாசம் அதிகம். வயிறு, குடல் ஆபரேஷன் ஆனவர்களிடமும் இருந்தது. இது சராசரிக் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். வயதுக்கேற்ற வளர்ச்சியோடு இருந்த குழந்தைகளும் இரண்டு குழுவிலும் நிறையவே இருந்தார்கள்.

மயக்க மருந்து பயம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றுவது இதுதான். 2016 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 3 மணி நேரத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ மயக்க மருந்து கொடுப்பது மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று எச்சரிக்கை விட்டது. ஃபார்வர்டில் வருவது இந்த வரியின் பாதி மட்டும்தான்: "மயக்க மருந்து மூளையைப் பாதிக்கும்".

மீதிப் பாதி இது. குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த 722 கைக்குழந்தைகளை 7 நாடுகளில், 28 மருத்துவமனைகளில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு முழு மயக்கம், இன்னொரு குழுவுக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும் ஊசி. முழு மயக்கம் கொடுக்கப்பட்ட குழந்தைகளில் பாதிப் பேருக்கு அது ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான். 5 வயதில் அறிவுத்திறனைச் சோதித்தபோது இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. முடிவு 2019-ல் வெளியானது. ஒரே ஒரு தடவை, குறைந்த நேர மயக்கம் என்றால் பயப்பட வேண்டாம். நீண்ட நேர மயக்கமோ, பல ஆபரேஷனோ நடந்திருந்தால் அந்தக் குழந்தையைக் கூடுதல் கவனத்தோடு பின்தொடர வேண்டும், அவ்வளவுதான். உயிர் காக்கும் ஆபரேஷனை இந்தப் பயத்துக்காகத் தள்ளிப்போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

கணிப்பில் உங்க செல்போனுக்கும் வேலை இருக்கு

மருத்துவர்கள் வளர்ச்சியைக் கணிக்கப் பயன்படுத்தும் முறைகளில் என்னை ரொம்ப ஆச்சரியப்படுத்தியது இதுதான். கருவி இல்லை, ஊசி இல்லை, ரத்தம் எடுப்பது இல்லை. குழந்தை சும்மா படுத்திருப்பதைச் சில நிமிஷம் பார்ப்பது.

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இருந்த ஹைன்ஸ் பிரெக்டல் என்ற மருத்துவ அறிஞர், கைக்குழந்தைகளின் இயல்பான அசைவுகளைப் பல ஆண்டு வீடியோ எடுத்து ஆராய்ந்தார். பிறந்த புதிதில் குழந்தை மெதுவாக நெளியும். பிரசவத் தேதி தாண்டி சுமார் 9 வாரம் ஆனதும் அசைவின் குணமே மாறும். கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் என்று எல்லாப் பக்கமும் சின்னச் சின்னதாக, மிதமான வேகத்தில் ஒரு துறுதுறுப்பு வரும். 20 வாரம் வாக்கில் அது மறைந்து, பொருளை எட்டிப் பிடிப்பது போன்ற அசைவுகள் வந்துவிடும். அந்தத் துறுதுறுப்பு இருக்கிறதா, இல்லையா என்பதுதான் கேள்வி.

1997-ல் அவருடைய குழு 130 குழந்தைகளின் முடிவை வெளியிட்டது. இயல்பான துறுதுறுப்பு இருந்த 70 குழந்தைகளில் 67 பேர் பின்னாளில் நரம்பியல் குறை எதுவும் இல்லாமல் இருந்தார்கள். துறுதுறுப்பே இல்லாத அல்லது அது மாறுபட்டிருந்த 60 பேரில் 57 பேருக்குக் குறை வந்தது. மூளை முடக்குவாதம், அதாவது செரிபிரல் பால்சி, முன்பெல்லாம் பெரும்பாலும் 1 வயதுக்கும் 2 வயதுக்கும் இடையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இந்த அசைவுச் சோதனையையும் மூளையின் எம்.ஆர்.ஐ. ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்தால் 5 மாதத்துக்குள்ளேயே கண்டுகொள்ளலாம் என்று 2017-ல் சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்தது.

இந்த வீடியோவை வீட்டிலேயே எடுக்கலாம். குழந்தை பசியில்லாமல், தூக்கக் கலக்கம் இல்லாமல், அழாமல் இருக்கும் நேரம் பாருங்க. தரையில் பாய் விரித்து, மேலே மெத்தென்று இல்லாத ஒரு துணி போட்டு, மல்லாக்கப் படுக்க வைங்க. தூளியில் எடுத்தால் பயன் இல்லை, அசைவு அடங்கிவிடும். ஜட்டியோ மெல்லிய பனியனோ போதும். சாக்ஸ், கையுறை வேண்டாம். குழந்தையின் கால்மாட்டில் நின்று, தலை முதல் பாதம் வரை முழு உடம்பும் திரைக்குள் வருமாறு, போனை ஆடாமல் பிடிங்க. 3 முதல் 5 நிமிஷம். அந்த நேரத்தில் கிலுகிலுப்பை ஆட்டக் கூடாது, பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது, கொஞ்சக் கூடாது. குழந்தை தானாக அசைவதைத்தான் பார்க்கணும். பாட்டிகளை 5 நிமிஷம் பேசாமல் இருக்க வைப்பதுதான் இதில் ஆகக் கஷ்டமான வேலை. ஆபரேஷன் இடமோ குழாயோ இருந்தால் எப்படிப் படுக்க வைப்பது என்று முதலில் உங்க மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்க.

எடுத்த வீடியோவைப் பார்த்து நீங்களே முடிவு கட்ட வேண்டாம். பயிற்சி பெற்றவர்தான் படிக்க முடியும். பிள்ளையின் உடம்பு தெரியும் வீடியோ என்பதால் ஸ்டேட்டஸில் வைப்பது, குரூப்பில் போட்டு "இது நார்மலா?" என்று கேட்பது எல்லாம் கூடவே கூடாது. மருத்துவரிடம் நேரில் காட்டுங்க. எல்லா மையத்திலும் இந்தப் பயிற்சி பெற்றவர் இருப்பார் என்று சொல்ல முடியாது, கேட்டுப் பாருங்க. அப்படி ஒருவர் இல்லாவிட்டாலும், குழந்தை மருத்துவரிடம் அழுதுகொண்டே இருக்கும் உங்க பிள்ளை வீட்டில் எப்படி அசைகிறது என்று காட்ட அந்த வீடியோ உதவும்.

ஆபரேஷன் ஆன குழந்தைகள் விஷயத்தில் இன்னொன்று. ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் அசைவு மந்தமாக, ஒரே மாதிரியாக இருப்பது சகஜம். வலி, மருந்து, படுக்கை எல்லாம் காரணம். அந்த நேரத்தில் எடுத்த முடிவை வைத்துப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். துறுதுறுப்பு வரவேண்டிய 3 மாதக் கட்டம்தான் முக்கியம்.

தேதியை எப்படிக் கணக்குப் போடுவது?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கணக்கு பிறந்த தேதியிலிருந்து இல்லை, டாக்டர் சொன்ன பிரசவத் தேதியிலிருந்து. உதாரணமாக, பிரசவத் தேதி ஜூலை 1. குழந்தை 6 வாரம் முன்னதாக, மே 20 அன்றே பிறந்துவிட்டது. துறுதுறுப்பு தெரியவேண்டிய காலம் செப்டம்பர் 2 முதல் நவம்பர் 18 வரை. அதிலும் தெளிவாகத் தெரிவது 12 முதல் 14 வாரம், அதாவது செப்டம்பர் 23 முதல் அக்டோபர் 7 வரை. பிறந்த தேதியை வைத்துக் கணக்குப் போட்டு ஆகஸ்ட் 12-ஆம் தேதியே வீடியோ எடுத்தால், இன்னும் வர நேரமாகாத ஒன்றைக் காணோம் என்று பயப்பட நேரிடும். பிரசவத் தேதி உங்க தாய் சேய் நல அட்டையில் இருக்கும். இன்றைக்கே போன் காலண்டரில் 12-ஆவது வாரத்தைக் குறித்து, அலாரம் வச்சிடுங்க.

கணிப்பு என்றால் ஜாதகம் இல்லை

வானிலை மையம் "நாளை கனமழைக்கு வாய்ப்பு" என்று சொன்னால் நாம் குடை எடுத்துக்கொள்கிறோம். மழை பெய்யாவிட்டால் குடையைத் திட்டுவதில்லை. குழந்தையின் வளர்ச்சிக் கணிப்பும் அந்த வகைதான். அதோடு, ஒவ்வொரு சோதனையும் ஒரு விஷயத்தைத்தான் கணிக்கும். மேலே சொன்ன அசைவுச் சோதனை கை கால் இயக்கத்தை நன்றாகக் கணிக்கும்; பேச்சு, கவனம், படிப்பு பற்றி அதிகம் சொல்லாது.

5 மாதம் தாண்டிய குழந்தைக்கு ஹாமர்ஸ்மித் சோதனை என்று ஒன்று உண்டு. 26 அம்சங்கள், மொத்தம் 78 மதிப்பெண். மருத்துவர் கையாலேயே பார்ப்பது: கண் பொருளைத் தொடர்கிறதா, கை கால் விறைப்பா தொளதொளப்பா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று. 2 வயது வரை பயன்படும். திருவனந்தபுரத்தில் உருவான 17 கேள்விகள் கொண்ட வளர்ச்சி அட்டவணை இதைவிடவும் எளிது. குழந்தையின் மாதத்துக்கு நேராக ஒரு பென்சிலை நிறுத்தி வைத்து, அதற்கு இடப்பக்கம் முடிந்துபோகும் செயல்களைக் குழந்தை செய்கிறதா என்று பார்ப்பார்கள். ஏதாவது ஒன்று செய்யவில்லை என்றால் விரிவான சோதனைக்கு அனுப்புவார்கள்.

சரி, 1 வயதில் எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். அதோடு விட்டுவிடலாமா?

அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்த ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறிப் பிறந்த 171 குழந்தைகளுக்கு, 1988-க்கும் 1992-க்கும் இடையில் ஆபரேஷன் செய்து, 1 வயது, 4 வயது, 8 வயது, 16 வயது என்று தொடர்ந்து சோதித்தார்கள். 1 வயதில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்து 8 வயதில் அந்தக் குழந்தை எப்படிப் படிக்கும் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. குறைவாக வாங்கியவர்களில் பின்னால் தேறியவர்களும் உண்டு, நன்றாக வாங்கியவர்களில் பின்னால் சிரமப்பட்டவர்களும் உண்டு. 16 வயதில் அவர்களின் சராசரி அறிவுத்திறன் ஏறக்குறைய சாதாரணம்தான். ஆனால் கவனத்தை நிறுத்துவது, திட்டமிட்டுச் செய்வது, அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்வது ஆகியவற்றில் தடுமாற்றம் இருந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் பள்ளிக் காலத்தில் ஏதாவது ஒரு கூடுதல் உதவி தேவைப்பட்டிருக்கிறது.

காரணம் எளிதுதான். 1 வயதுக் குழந்தையிடம் வீட்டுப்பாடத்தைத் திட்டமிடும் திறமையைச் சோதிக்க வழியில்லை. அந்தத் திறமை இன்னும் வரவே இல்லை. அதனால் எல்.கே.ஜி. சேர்க்கும்போதும், 2-ஆம் வகுப்பில் எழுத்து தடுமாறும்போதும், "இவனுக்குப் பிறந்தப்போ இதய ஆபரேஷன் நடந்தது" என்ற தகவலை டீச்சரிடமும் டாக்டரிடமும் சொல்லுங்க. சேட்டை, சோம்பல் என்று பெயர் வாங்குவதற்கு முன் ஒரு தடவை சோதித்துப் பார்க்கச் சொல்ல அந்த ஒரு வரி போதும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இதையும் பாருங்க

சம்மரியில் ஜென்டாமைசின், அமிகாசின் என்ற மருந்துப் பெயர்கள் இருக்கலாம். தொற்றுக்குக் கொடுக்கும் மருந்துகள், தேவையானவைதான். ஆனால் அரிதாகக் காது கேட்கும் திறனைக் குறைக்கும். உதரவிதானத் துளைக்கு ஆபரேஷன் ஆன குழந்தைகளுக்குக் காது பிரச்சினை பல மாதம் கழித்தும் வரலாம். பிறந்தபோது எடுத்த காது டெஸ்டில் 'பாஸ்' என்று வந்திருந்தாலும், பின்னர் மறுபடியும் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. காது சரியாகக் கேட்காமல் பேச்சு தாமதமானால், அதை "அப்பா மாதிரி, லேட்டாதான் பேசுவான்" என்று விட்டுவிடும் வழக்கம் நம் வீடுகளில் அதிகம்.

உணவுக்குழாய் ஆபரேஷன் ஆன குழந்தைகளுக்கு வேறொரு சிக்கல். வாரக்கணக்கில் குழாய் வழியாகவே பால் போனதால், வாயில் எதை வைத்தாலும் ஓங்கரிக்கும், துப்பிவிடும். இது அடம் இல்லை. உறிஞ்சவும் மெல்லவும் பழக வேண்டிய காலத்தில் வாய்க்கு வேலையே இல்லாமல் போனதால் வருவது. பேச்சுப் பயிற்சியாளர்தான் இதற்கும் பயிற்சி தருவார். வற்புறுத்தி ஊட்டினால் பயம் இன்னும் கூடும்.

நெஞ்செலும்பைத் திறந்து இதய ஆபரேஷன் செய்திருந்தால், மருத்துவர் சொல்லும் காலம் வரை, பெரும்பாலும் சுமார் 6 வாரம், அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கை கழுத்துக்கும் தலைக்கும், ஒரு கை பிட்டத்துக்கும் கொடுத்து அள்ளித் தூக்கணும். அந்தக் காலம் முடிந்த பிறகும் பயந்து மல்லாக்கவே போட்டு வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. எப்போதிலிருந்து குப்புறப் படுக்க வைக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டு, அவர் சரி என்றதும், விழித்திருக்கும்போது நீங்க பக்கத்தில் இருந்து தினமும் குப்புறப் போடுங்க. கழுத்து நிற்பதற்கும் தோள் பலம் பெறுவதற்கும் அதுதான் பயிற்சி.

எங்கே போகணும்?

டி.இ.ஐ.சி. என்று கேளுங்க. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்பது முழுப் பெயர். மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது தலைமை மருத்துவமனை வளாகத்தில் இருக்கும். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. எனும் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இங்கே இலவசமாகப் பார்க்கிறார்கள். குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், காது மற்றும் பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், கண் பரிசோதகர், சிறப்புக் கல்வியாளர் என்று எல்லோரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த மையங்களின் அமைப்பு. ஆபரேஷன் தனியார் மருத்துவமனையில் நடந்திருந்தாலும் இங்கே வரலாம்.

எந்த இடம், எந்த நாள் என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் பண்ணுங்க. அங்கன்வாடிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. நடமாடும் மருத்துவக் குழுவிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொன்னாலும் மையத்துக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். அடுத்த கட்ட ஆபரேஷன் பாக்கி இருக்கும் குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றி 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

இந்த மையத்துக்கு வரத் தயங்கும் குடும்பங்களிடம் ஒரு பயம் உண்டு: "அங்க போனா மாற்றுத்திறனாளின்னு எழுதிடுவாங்க." அப்படி இல்லை. வளர்ச்சிச் சோதனை வேறு, சான்றிதழ் வேறு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நீங்கள் விண்ணப்பித்தால் மட்டும், தனி மருத்துவச் சோதனைக்குப் பிறகு வருவது. மையத்தில் முதலில் செய்வது பயிற்சிதான். நோய்க்குப் பெயர் வைக்கும் வரை பயிற்சியை நிறுத்தி வைப்பதில்லை. தாமதம் என்ற சந்தேகம் இருந்தாலே தொடங்கிவிடலாம். அதில் பெரும்பகுதி வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது: எப்படித் தூக்குவது, எப்படி உட்கார வைப்பது, எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று.

பேச்சுக் கொடுப்பது என்றதும் ஒன்று. குழந்தைகளின் பிற்கால மதிப்பெண்ணைக் கணிக்கும் ஆய்வுகள் பலவற்றில், ஆபரேஷன் விவரங்களுக்குச் சமமாக, சில சமயம் அதைவிட அதிகமாகவே, வீட்டுச் சூழல் முடிவைப் பாதித்திருக்கிறது. குழந்தையோடு எவ்வளவு பேசுகிறார்கள், விளையாடுகிறார்கள் என்பதும் அதில் அடக்கம். இதற்கு டிகிரி தேவையில்லை. காய் நறுக்கும்போது "இது கத்திரிக்கா, இது வெண்டைக்கா" என்று சொல்லிக்கொண்டே நறுக்கினால் போதும். குழந்தை "ங்கா" என்றால் நீங்களும் "ங்கா" என்று பதில் சொல்லுங்க. போனில் பாட்டுப் போட்டுக் கையில் கொடுப்பது இதற்கு ஈடாகாது.

தேதிக்குக் காத்திருக்காமல் உடனே காட்ட வேண்டிய சில அடையாளங்கள் உண்டு. 4 மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை, 9 மாதத்தில் பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை, 1 வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றதை மூடியே வைத்திருக்கிறது, 10 மாதத்தில் "பாபா, தாதா" என்ற மழலை வரவில்லை, 18 மாதத்தில் நடக்கவில்லை. முன்பே செய்துகொண்டிருந்த ஒன்றைத் திடீரென நிறுத்திவிட்டாலும் அப்படித்தான். குறைமாதக் குழந்தை என்றால் இங்கேயும் கணக்கு பிரசவத் தேதியிலிருந்தே.

மையத்துக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, தாய் சேய் நல அட்டை, பழைய ஸ்கேன், காது டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் எடுத்துட்டுப் போங்க. காகிதம் நனையும், கிழியும். அதனால் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து போனில் தனி ஃபோல்டராக வைங்க. வீடியோவும் அதிலேயே இருக்கட்டும். 12-ஆவது வாரத்தில் போக முடியாமல் தள்ளிப்போய், 5 மாதமும் தாண்டிவிட்டது என்றால் "இனி போய் என்ன பண்றது" என்று உட்கார வேண்டாம். வீடியோ முறைதான் பொருந்தாது. ஹாமர்ஸ்மித் சோதனைக்கு 2 வயது வரை நேரமிருக்கிறது. பால் குடித்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகு குழந்தையைக் கூட்டிட்டுப் போங்க. தூங்கி வழியும் பிள்ளையிடம் எந்தச் சோதனையும் சரியாக வராது, திரும்ப இன்னொரு நாள் அலைய வேண்டியிருக்கும்.